நல்லதுங்க என்று சொன்னவள்

மேகலாவுக்கு வாய் நீளம் என்று மணலகரத்தில் யாரும் சொன்னதில்லை. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவளின் வாழ்க்கையை இரண்டு முறை புரட்டிப் போட்டது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான். அதுவும் பெரிய வார்த்தைகள் ஒன்றும் இல்லை, எந்தப் பெண்ணும் தினம் சொல்கிறவை. கேட்டவர்கள்தான் பெரியவர்கள். அவர்கள் காதில் விழுந்தால் எல்லாமே பெரிதாகிவிடும் போலிருக்கிறது.

மணலகரம் குடவாசலுக்குத் தெற்கே இருக்கிற ஊர். மேகலாவின் புருஷன் ராஜ்குமார் குவைத்தில் சில வருஷம் லாரி ஓட்டியவன். கூடவே தங்கி வண்டி ஓட்டிய அன்சார் என்பவன் ஒரு நாள் பக்கத்துக் கட்டிலில் தூங்கினவன் தூங்கினபடியே போய்விட்டான். அதைப் பார்த்த பிறகு ராஜ்குமாருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்கு வந்து அப்பா விட்டுப்போன நிலத்தில் இறங்கினான். இறங்கினானே தவிர மனசு இறங்கவில்லை. வரப்பில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். மடை உடைந்து பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில்தான் அவன் ஆலங்கரை மடத்துக்குப் போக ஆரம்பித்தான். கும்பகோணம் தாண்டிக் காவிரிக் கரையில் இருக்கிற பழைய சைவ மடம் அது. துறவிகளைத் தம்பிரான் என்று சொல்வார்கள். முதலில் குருபூசைக்குப் போனான், பிறகு திங்கட்கிழமை தோறும் போனான், பிறகு நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டு ஒரு வாரம் பத்து நாள் என்று தங்கினான். மேகலா ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் பாதி ஆண்கள் சாயந்தரம் கடைக்குப் போய்த் தள்ளாடி வரும்போது, தன் புருஷன் கோயிலுக்குப் போய்த் திருநீறோடு வருகிறான் என்றால் எந்தப் பெண்டாட்டி தடுப்பாள்? உள்ளூர அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு ஆனி மாதம், குறுவை நடவு சமயம். மேகலா ஆட்களோடு நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். ராஜ்குமார் வெள்ளை வேட்டி கட்டி, தோளில் ஒரு பையோடு வரப்பில் வந்து நின்றான். மடத்துக்குப் போகிறேன், உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டான். முட்டிவரை சேற்றில் நிற்கிறவளுக்கு அந்தக் கேள்வி விசேஷமாகப் படவில்லை. நிமிராமலே, "போயிட்டு வாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துருங்க, உரம் போடணும்" என்றாள்.

நம் ஊரில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்துப் போங்க என்று யார் சொல்வார்கள்? போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். அதில் வாங்க என்கிற பாதியை ராஜ்குமார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த மாதம், அவன் காவி வாங்கிவிட்டான் என்று செய்தி வந்தது.

அவனுடைய அண்ணன் அண்ணாதுரையைக் கூட்டிக்கொண்டு மேகலா மடத்துக்கு ஓடினாள். ஆறாவது படிக்கிற மகள் குந்தவையையும் இழுத்துக்கொண்டு போனாள், பிள்ளையைப் பார்த்தால் மனசு மாறும் என்று. மடத்தின் முன்பகுதியில், முதல் கட்டு என்று சொல்கிற கூடத்தில், ஒரு மூத்த தம்பிரான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மழித்த தலையோடு ராஜ்குமார் நின்றான். பெரியவர் கோபப்படவில்லை, அதட்டவில்லை. பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் இந்த மடத்தில் யாருக்கும் காவி கொடுப்பதில்லை அம்மா, நீங்கள் முழு மனசோடு வழியனுப்பினதாக இவர் சொன்னார், சொன்னீர்களா இல்லையா என்று கேட்டார்.

மேகலா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்கிற முகமாக இல்லை. அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். இத்தனை பேர் நடுவில் அவனைப் பொய்யனாக்க அவளால் முடியவில்லை. சொன்னேங்க என்றாள். அதோடு முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாதுரை அவளைத் திட்டித் தீர்த்தார். திட்டினதில் தப்பில்லை.

மடத்தில் ராஜ்குமாருக்கு நீலகண்டத் தம்பிரான் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். பூர்வாசிரமத்து அம்மா. அப்படியென்றால் என்ன என்று அவளுக்கு வெகுநாள் தெரியாது. ஏதோ மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். துறவுக்கு முந்தைய வாழ்க்கையைச் சேர்ந்தவள், அதாவது பழைய கணக்கு, தீர்ந்துபோனது என்று அர்த்தம். மடத்துத் தமிழ் வேறு, வயக்காட்டுத் தமிழ் வேறு. அங்கே யாரும் சாப்பிடுவதில்லை, அமுது செய்கிறார்கள். யாரும் வருவதில்லை, எழுந்தருளுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். புரியாதவர்களுக்கு நின்று விளக்கம் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

வருஷத்தில் ஒன்றிரண்டு முறை, குருபூசை நாட்களில், அவனைப் பார்க்கலாம். பெண்கள் முதல் கட்டோடு நிற்க வேண்டும். அதற்கு உள்ளே இரண்டாம் கட்டு, அதற்கும் உள்ளே தம்பிரான்கள் தங்குகிற அறைகள். அந்த இருட்டான நடையை மேகலா வாசலில் நின்றபடி எட்டி எட்டிப் பார்ப்பாள். அவன் எந்த அறையில் படுக்கிறான், தலைக்கு ஏதாவது வைத்துக்கொள்கிறானா, மழைக்காலத்தில் அவனுக்கு வழக்கமாக வருகிற இருமல் வந்தால் யார் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. வரிசை நகர்ந்து அவள் முறை வரும்போது விழுந்து கும்பிடுவாள். அவன் திருநீறு கொடுத்து, எல்லாப் பெண்களையும் கேட்பதுபோல, "நல்லா இருக்கீங்களா அம்மா" என்பான்.

கட்டின புருஷன் அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். முதல் தடவை அவள் ஆற்றங்கரைப் படியில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை.

ஊரிலும் அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆனால் வளைகாப்புக்குக் கூப்பிட்டால் வளையல் போட முன்னால் அழைப்பதா வேண்டாமா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பூ வைத்தால் யாருக்காக என்பார்கள், வைக்காவிட்டால் என்ன ஆச்சு என்பார்கள். அவள் பூ வைப்பதை விட்டுவிட்டாள். நிலத்தை மட்டும் விடவில்லை. உழவு ஓட்ட, நடவுக்கு ஆள் பிடிக்க, முறைத் தண்ணீருக்கு மல்லுக்கட்ட எல்லாம் அவளே. தண்ணீர் விஷயத்தில் மேலண்டை வயல்காரர் துரைராசுவோடு பெரிய சண்டை வந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தையே நின்றுபோனது. குந்தவையைப் படிக்க வைத்தாள், பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தாள். கல்யாணத்துக்குத் தம்பிரான் வரவில்லை. வரக்கூடாது. ஒரு திருநீற்றுப் பொட்டலம் வந்தது.

போன தை மாதக் கடைசியில் அவனுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மேகலாவுக்கு மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்தது. தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். மடத்திலிருந்து வந்திருந்த பணியாள் அவளை அறைக்குள் விடவில்லை. சாமிக்குப் பெண்கள் பணிவிடை செய்கிற வழக்கம் இல்லை, சாப்பாடும் மடத்திலிருந்துதான் வரும் என்று தணிவாகத்தான் சொன்னான். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். முகம் வீங்கி, கையில் குழாய் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்க, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தலைக்குத் தலையணை இருந்தது. அது ஒரு நிம்மதி.

நடைபாதைப் பெஞ்சில் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவள் மனசுக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டாள். இவர் பிழைத்தால் மடத்துக்கு. அது அவர்களுக்குச் சேர வேண்டியது, நான் கேட்கமாட்டேன். செத்தால் எனக்கு. அழுவதற்காவது இவர் என்னுடையவர். அந்த ஒரு நாளை எனக்கு விட்டுவிடட்டும், தலைவிரித்துப் போட்டுக்கொண்டு அத்தனை வருஷத்தையும் அழுதுவிடுகிறேன். வேறு எதுவும் வேண்டாம். இதை யாரிடமும் சொல்லவில்லை. கிளம்பும்போது மடத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிற குணசேகரனைப் பார்த்து, எதுவானாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவர் நல்ல மனுஷர். நம்பரை வாங்கிக்கொண்டார்.

மாசி பிறந்து சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. காலையில் மேகலா ரோட்டோரத்தில் நெல்லைக் கொட்டிக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் இரைந்தது. போன் அடித்தது. குணசேகரன்.

"அம்மா, ஆலங்கரை மடத்துலேருந்து பேசுறேன். நம்ம சாமி நேத்து பரிபூரணமாயிட்டாங்க."

மடத்துத் தமிழில் துறவிகள் சாவதில்லை. சாவு, மரணம், காலமானார் எதையும் சொல்லமாட்டார்கள். பரிபூரணம் அடைந்தார் என்பார்கள். குணசேகரன் அங்கேயே காலம் தள்ளினவர், அவர் வாயில் வேறு வார்த்தை வராது. மேகலாவுக்குத் தெரிந்ததோ ஆஸ்பத்திரித் தமிழ். அங்கே பூரணம் என்று ஒரு வார்த்தையைத்தான் நர்ஸ்கள் சொல்லிக் கேட்டிருந்தாள்: பூரண குணம். நடைபாதையில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு எத்தனை பேரை அந்த வார்த்தையைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் கால் நெல்லுக்குள் நின்றுவிட்டது. "அப்புடிங்களா. நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க" என்றாள். "அந்த ஐயனாரு கைவிடல."

பிறகு குணசேகரன், குரல் தழதழக்க, சாயந்தரம் எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறது, நீங்கள் அவசியம் வர வேண்டும் என்றார். வராமல் இருப்பேனா என்றாள் மேகலா.

பேராவூரணிக்குப் போன் போட்டாள். அப்பாவுக்குப் பூரண குணமாகிவிட்டதாம், மடத்தில் ஏதோ விசேஷம் வைத்திருக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள் என்றாள். குந்தவைக்கு அப்பா பேச்சை எடுத்தாலே பிடிக்காது. சரிம்மா, நீ போயிட்டு வா என்று வைத்துவிட்டாள். மேகலா நெல்லை அள்ளிக் குவித்துப் படுதாவால் மூடிவிட்டு, தலைக்குக் குளித்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டினாள். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் ஒரு சீப்பும் எலுமிச்சம்பழமும் வாங்கினாள். பூக்காரி முல்லைச் சரத்தை நீட்டியபோது கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வைத்த பூ. பிழைத்து வந்த புருஷனைப் பார்க்கப் போகிறவள் வைக்காமல் யார் வைப்பது என்று அவளுக்குப் பட்டது. பிழைத்தால் மடத்துக்கு என்று தான் போட்ட கணக்கில் அன்றைக்கு அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆலங்கரையில் இறங்கும்போதே நாகசுரம் கேட்டது. மடத்து வாசலில் வாழைமரம், தோரணம், கூட்டம். ஒரு தம்பிரான் உடம்பு தேறி வந்ததற்கு இவ்வளவு செய்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போனாள். சங்கு ஊதியது. ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டு வர, பின்னால் பூச்சப்பரம் வந்தது. அதில் அவன் உட்கார்ந்திருந்தான்.

சம்மணம் போட்டு, நிமிர்ந்து, புதுக் காவியும் உருத்திராட்ச மாலையும் நெற்றி முழுக்கத் திருநீறுமாக, கழுத்தளவு ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடியிருந்தான். முகத்து வீக்கம் வற்றியிருந்தது. எவ்வளவு தெளிவாக இருக்கிறார் என்று அவள் நினைத்தாள். பழப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். சிரித்துக்கொண்டு கும்பிட்டாள். அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

தெரு முனையில் சப்பரம் திரும்பும்போது ஒரு பக்கம் இறங்கிக் குலுங்கியது. உட்கார்ந்திருக்கிற மனுஷன் குலுங்கினால் கை ஊன்றும், கழுத்து ஆடும். அவன் அடித்து வைத்த மரம்போல மொத்தமாகச் சாய்ந்து, மொத்தமாக நிமிர்ந்தான். தலையைப் பின்பலகையோடு சேர்த்துக் காவித் துணியால் கட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூக்கில் பஞ்சு இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் யாரிடமோ, நேற்று சாயந்தரமே அடங்கிவிட்டதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடங்கிவிட்டது என்றால் அவளுக்குத் தெரியும். அது அவள் ஊர்த் தமிழ்.

தொண்டை வரை வந்த சத்தம் வெளியே வரவில்லை. வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துக் குணசேகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வாங்கம்மா, பெரிய சாமி உங்களை விசாரித்தார்கள் என்று கையைப் பிடிக்காத குறையாக நந்தவனத்துக்கு அழைத்துப் போனார். அங்கே குழி வெட்டித் தயாராக இருந்தது. மூட்டை மூட்டையாகத் திருநீறும் வில்வமும் கற்பூரமும் வைத்திருந்தார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே அவனை இறக்கினார்கள். தோள் மறைந்தது, தலை மறைந்தது. அவள் குழி விளிம்பில் பட்டுச் சேலையும் முல்லைப் பூவுமாக, கக்கத்தில் பழத்தோடு நின்றாள். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. இறக்க மறந்துபோனது.

எல்லாம் முடிந்ததும் மூத்த தம்பிரான் மைக்கை வாங்கினார். முன்பு முதல் கட்டில் அவளைக் கேள்வி கேட்ட அதே பெரியவர், இப்போது நன்றாகத் தளர்ந்திருந்தார். காலையில் செய்தி சொன்னபோது இந்த அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா என்று கூட்டத்தைக் கேட்டார். நல்லதுங்க, ரொம்ப நல்லதுங்க என்று சொன்னார்கள். நாற்பது வருஷம் சாத்திரம் படித்த எங்களுக்கே இன்றைக்குக் கண் கலங்கியது. பாருங்கள், மங்கலப் பட்டுடுத்தி, பூ முடித்து, சிரித்த முகத்தோடு வழியனுப்ப வந்திருக்கிறார்கள். அன்றைக்கும் முழு மனசோடு அனுப்பியவர்கள் இவர்கள்தான் என்றார். கூட்டத்தில் சிவ சிவ என்று ஒரு பெரிய சத்தம் எழுந்தது. யார் யாரோ போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள்.

மேகலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு முறை வாயை மூடிக்கொண்டு பட்டது போதும் என்று தோன்றியது. பெரியவர் பக்கத்தில் போனாள்.

"சாமி, எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதுங்க."

நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னாள். மைக்கிலும் விழுந்தது. பெரியவர் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"தெரியாதுன்னு சொல்றதுதாம்மா தெரிஞ்சவங்க லட்சணம்."

அதற்கும் சிவ சிவ என்றார்கள். அவள் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, கை நிறையத் திருநீறு கொடுத்தார்கள். ஏமாற்றுகிறவர்களோடு சண்டை போடலாம். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது? அவள் அங்கேயே கத்தியிருக்க வேண்டும், மண்ணில் புரண்டிருக்க வேண்டும் என்று எனக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் பொன்னாடை போர்த்திக்கொண்டு எப்படிப் புரள்வது?

ஊருக்கு வருவதற்குள் படம் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. இழவு வீட்டுக்கு வருகிற பெண்கள் எப்படி வருவார்கள் என்று தெரியும்தானே. தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு மேகலா வீட்டுக்கு வந்த பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, உன் கையால் கொஞ்சம் திருநீறு கொடு என்று கேட்டார்கள். அவள் கொடுத்தாள். யாராவது ஒருத்தி தன்னைக் கட்டிக்கொள்ளமாட்டாளா என்று ஒவ்வொருத்தி வரும்போதும் பார்த்தாள். கும்பிட்ட கைக்குக் கட்டிக்கொள்ள வராது.

குந்தவை மறுநாள் வந்தாள். அவள் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். வந்தவள் அழவில்லை, அம்மாவைக் கும்பிடவும் இல்லை. "என்ன சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதாம்மா? நானாவது வந்து மொகத்தப் பாத்துருப்பேன்ல" என்றாள். மகள் சாயந்தரமே புறப்பட்டுப் போய்விட்டாள்.

மேகலா அண்ணாதுரையிடம் போய், பதினாறாம் நாள் கருமாதி வைக்கலாமா, நமக்கு எத்தனை நாள் துக்கம் என்று கேட்டாள். அவர் மடத்தில் விசாரித்து வந்து, துறவிக்குத் தீட்டும் இல்லை, கருமாதியும் இல்லை என்றார். அப்படியானால் என் தாலி என்று இழுத்தாள். அதைப் பற்றி மடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. துறவிக்குப் பெண்டாட்டி ஏது, பிறகு தாலி ஏது. ஊர் வழக்கப்படி பார்த்தால் சாவு நடந்தால்தானே கழற்ற வேண்டும். அப்போ நான் எப்பத்தான் அழுவுறது என்று அவள் கேட்டாள். அண்ணாதுரை சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீ பெரிய வார்த்த சொன்னவ. நம்ம குடும்பத்துக்கே ஒரு பேரு வந்துருக்கு. இப்ப ஒக்காந்து அழுதா அந்த வார்த்தைக்கு என்ன மரியாத?"

மேகலா நெல்லை மூட்டை பிடித்தாள், வைக்கோலைப் போர் போட்டாள், உளுந்துக்கு மருந்தடித்தாள். தனியாக அழுதுபார்த்தாள். வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுவது திருட்டுத்தனம் மாதிரி இருந்தது. தொண்டையில் அன்றைக்கு நின்ற சத்தம் அங்கேயே நின்றது. சோறு இறங்கவில்லை. உடம்பு இளைத்ததைப் பார்த்து ஊரில் விரதம் என்றார்கள்.

பங்குனியில் ஒரு நாள் விடிகாலையில் மேலண்டை வயல்காரர் துரைராசு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பேச்சு வார்த்தை இல்லாத வீடு. ஆனாலும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. மேகலா போனபோது வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையை உள்ளே கவிழ்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் துரைராசுவின் பெண்டாட்டி வள்ளியம்மை. மேகலாவைக் கண்டதும் சிலர் எழுந்து வழிவிட்டு, அவள் காலைத் தொடக் குனிந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் வட்டத்துக்குள் தன்னைச் சொருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் கையைப் போட்டுத் தலையைக் கவிழ்த்தாள். இரண்டு பக்கமும் இருந்த பெண்களின் கை அவள் முதுகில் விழுந்தது. இவ்வளவு நாளாக யாருடைய கையும் விழாத முதுகு.

சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை மணலகரம் கேட்டதில்லை. பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீருக்காக வரப்பில் நின்று அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்ட ஆளுக்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. முதலில் வெறும் கதறல். பிறகு வார்த்தை வந்தது.

"பூரணம்னு சொன்னாங்களே
பூவு வச்சு வந்தேனே,
பொழச்சீங்கன்னு நெனச்சேனே
பொட்டழியாம நின்னேனே,
குழியில ஒங்கள எறக்கையில
கும்புட்டுட்டு நின்னேனே."

ஒவ்வொரு குரலாக நின்றது. அவள் குரல் மட்டும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பெண்களுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. காலில் விழுந்து திருநீறு வாங்கிய ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் ஒருத்தி, இது துரைராசு வீட்டுச் சாவு, வேறு ஆளுக்கு இங்கே அழக்கூடாது என்று மேகலாவின் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள்.

வள்ளியம்மை நிமிர்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மேகலாவின் தலையை இழுத்துத் தன் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பதினாறு நாளு இருக்கு. இவளுக்கு இன்னிக்கு ஒரு நாளுதான். மொதல்ல இவளுக்கு அழுவுங்கடி."

வெட்டியான் வந்து நேரமாச்சு என்று கூப்பிடும் வரைக்கும் மணலகரத்துப் பெண்கள் ராஜ்குமாருக்காக அழுதார்கள்.